ரங்கராசோட துண்டு

கிளாசுக்குங்களா? நான் போகலீங்க தம்பி. மூணு வாரமாவே போறதில்ல. உங்க மேடம் கேட்டாங்கன்னா பாய்லர்ல வேலைன்னு சொல்லிருங்க. பொய்யில்ல, இன்னைக்கு நெசமாவே வேலை இருக்குது. ரெண்டாம் நம்பர் பாய்லரை முந்தாநாளே அணைச்சு, மேல் மூடியைக் கழட்டி ஆற விட்டிருக்கறோம். ஆள் எறங்கற அளவுக்குச் சூடு தணிஞ்சிருச்சான்னு ரங்கராசு மேல ஏறிப் பாத்துட்டு இருக்கறான். கூப்புடுவான். கூப்புட்டா நான் போயித்தான் ஆகோணும். அதுவரைக்கும் இந்த வாசப்படில உக்காந்துக்கறேன். இங்கிருந்து பாத்தா ஒண்ணாம் நம்பருக்குள்ள தண்ணி எவ்வளவுன்னு காட்டற கண்ணாடி தெரியும். அது ஓடிட்டிருக்குது பாருங்க. ஓடற பாய்லரை விட்டுட்டு அந்தாண்ட போகக் கூடாது.

உக்காருங்க, அந்தச் சாக்கு சுத்தமானதுதான். வாரா வாரம் கோயமுத்தூர்ல இருந்து மேடத்தைக் கூட்டியாந்து விட்டுட்டு, நீங்க அந்தக் காருக்குள்ளயே கெடந்து வேகறீங்க. இந்தச் சாயப்பட்டறை பாய்லர் வாசலுக்குக் காத்து வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்.

இல்லீங்க, கிளாசு நல்ல கிளாசுதான். கொறை சொல்ல மாட்டேன். துணி தைக்கற பக்கம் ஒரு புள்ளைக்கு வெரல்ல ஊசி ஏறிருச்சு, வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க என்ன ஏதுன்னு கேட்டாங்க, ஆபீசுல கூடிப் பேசி, தொழிலாளிக்குக் கவனம் பத்தலைன்னு முடிவு பண்ணிட்டாங்க. மெசினுக்குப் போட வேண்டிய காப்பை மனுசனுக்குப் போட்டுட்டாங்க. அப்படித்தான் உங்க மேடம் வந்தாங்க.

மொத நாளு ஆளுக்கொரு உலர்ந்த திராச்சி குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு. அதைப் பாக்கோணும், மோந்து பாக்கோணும், நாக்குல வெச்சு அஞ்சு நிமிசம் திங்கோணும். கட்டிங்ல பாப்பாத்தின்னு ஒரு அம்மா இருக்குது, அது சொல்லுச்சு, "மேடம், இன்னும் நாலு குடுத்தீங்கன்னா இன்னும் நெம்பக் கவனமாத் திம்பேன்." மேடமே சிரிச்சுட்டாங்க. நல்ல மனுசிங்க.

ரெண்டாவது வாரந்தான் கண்ணை மூடச் சொன்னாங்க. மனசுங்கறது ஒரு ரூமுன்னு வெச்சுக்குங்க. அதுல வேண்டாத சாமான் நெறைஞ்சு கெடக்குது. ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வெயிங்க, அதுகூடச் சண்டை போடாதீங்க, என்னன்னு பேரு சொல்லி வெளிய வெச்சுட்டு மூச்சுக்குத் திரும்பி வாங்கன்னாங்க. நானும் எடுத்து வெச்சேன். புள்ளையோட காலேஜு, வெளிய. அக்கா வீட்டு விசேசப் பத்திரிகை, வெளிய. எதுத்த வீட்டுக்காரன் நம்ம சாக்கடையை அடைச்சது, வெளிய. நான் எதுலயும் அரைகொறை கெடையாதுங்க. சொன்னா சொன்னபடி செய்யற ஆளு. ரூமைச் சுத்தமாக் கூட்டி எடுத்துட்டேன்.

ரூமு காலி ஆச்சுங்களா. நடுவுல ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. எடுத்தா வரல. பேரு சொன்னேன், போகல.

ஒரு வால்வு வீலு. அவ்வளவுதான். வெறும் வீலு.

தம்பி, கையி காலெல்லாம் அப்படியே வெறைச்சுப் போச்சு. மூச்சு விட்டனா விடலையான்னு தெரியல. மணியடிச்சுக் கண்ணைத் தொறங்கன்னா என்னால தொறக்க முடியல. தொறந்தா அது வெளியவும் நிக்குமோன்னு பயம். மேடம் என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? எல்லாத்தையும் கூப்புட்டு, "பாருங்க, சென்னியப்பன் அண்ணன் எப்படி உக்காந்திருக்கறாரு! ஒரு அசைவு இல்ல. இதுதான் கவனம்"னு சொல்லி, கை தட்டச் சொன்னாங்க. தட்டுனாங்க. அதுக்கு அடுத்த ரெண்டு வாரமும் மொத வரிசைல உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டு வாரமும் அதேதான். அப்புறம் நான் போகல.

எந்த வீலுங்களா?

அந்தா, உள்ள தெரியுது பாருங்க, செவப்புப் பெயிண்ட்டு அடிச்சது. வேண்டாம், கிட்டப் போக வேண்டாம். இங்கிருந்தே பாருங்க.

இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. என்ற பொண்டாட்டிகிட்டக் கோடச் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க சாயந்தரம் கோயமுத்தூரு போயிருவீங்க. அது ஒண்ணுதான் காரணம். தப்பா எடுத்துக்காதீங்க.

ரெண்டு பாய்லரும் ஆவியை ஒரே பெரிய குழாய்க்குத்தான் அனுப்புது, மேல போகுது பாருங்க, வெள்ளைத் துணி சுத்துனது. அதுல இருந்து பட்டறைக்குப் போகும். பாய்லருக்கு ஒரு வால்வு, அந்தச் செவப்பு வீலு ரெண்டாம் நம்பரோடது. ஒரு பாய்லரை நிறுத்தினா அதோட வால்வை மூடிரோணும். இல்லாட்டி ஓடற பாய்லரோட ஆவி, நிக்கற பாய்லருக்குள்ள வந்திரும். வராம தடுக்கறதுக்கு நடுவுல இன்னொரு சாமான் இருக்குது. அதை நம்பறதும் ஐப்பசி மழையை நம்பறதும் ஒண்ணு. சில சமயம் வேலை செய்யும்.

நம்மூர்த் தண்ணி உப்புத் தண்ணிங்களா, மூணு மாசத்துக்கொருக்கா உள்ள பாறை கட்டிக்கும். ஆள் உள்ள எறங்கி, படுத்துட்டே செதுக்கி எடுக்கோணும். ரங்கராசுதான் எறங்குவான். ஒல்லி ஆளு. முப்பத்தெட்டு வயசு, வெறகு போடறவன், ரெண்டு பொட்டப்புள்ளைங்க. எனக்குச் சொந்தமெல்லாம் கெடையாது, வந்த அன்னைக்கே மாமான்னு கூப்புட்டான், அப்படியே நின்னுருச்சு.

அவன் உள்ள இருக்கறப்ப அந்த வீலை எவனாச்சும் தொறந்தா? தம்பி, இட்லி வேகறதைப் பாத்திருப்பீங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

அதுக்காக இங்க ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். சேப்டி ஆபீசர் ஒரு அட்டை குடுத்தாரு, 'உள்ளே ஆள்'னு எழுதுனது. வெக்கையில சுருண்டு போச்சு. பூட்டு ஒண்ணு குடுத்தாரு, சாவியைத் தொலைச்சுட்டோம். நெலைச்சது துண்டு மட்டுந்தான். உள்ள எறங்கறவன், தோள்ல கெடக்கற தன்ற துண்டை எடுத்து வீலுல கட்டிப்போட்டு எறங்குவான். துண்டு தொங்குனா ஆளு உள்ள. எவன் துண்டுன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும். கட்டின கைதான் அவுக்கோணும். மொதலாளியே வந்து நின்னாலும் வேற ஒருத்தன் தொடக் கூடாது. ஒருக்கா ரங்கராசு வெளிய வந்து, துண்டை மறந்து போட்டுட்டுச் சோறு திங்கப் போயிட்டான். முக்கா மணி நேரம் பட்டறையே நின்னுச்சு, மேனேஜரு குதிச்சாரு. நான் தொடலையே! அவன் கையக் கழுவிட்டு வந்து அவுத்த பொறவுதான் தொறந்தேன். அப்படிப்பட்ட ஆளுங்க நானு.

ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சு, பாய்லர் பரிச்சை எழுதி சர்ட்டிபிகேட்டு வாங்குனவன். பரிச்சைல வாயால கேள்வி கேட்டாங்க. "கண்ணாடியில தண்ணி தெரியல, மொதல்ல என்ன பண்ணுவ?" எனக்குப் படிச்சதெல்லாம் மறந்து போச்சு. "பயப்படுவனுங்க"ன்னேன். அந்த ஆபீசர் அதுக்கே பாஸ் போட்டுட்டாரு. பத்தொம்பது வருசம் அந்தப் பயத்துலதான் சோறு திங்கறேன். ஒரு தப்பு கெடையாது. எழுதி வெச்சுக்கலாம்.

அன்னைக்கு ஆடி மாசம். காலைல பதினொரு மணி இருக்கும். ரங்கராசு துண்டைக் கட்டிப்போட்டு எறங்கிட்டான். செவப்புக் கட்டம் போட்ட துண்டு. அவன் முடிச்சுப் போட மாட்டான், ரெண்டு சுத்து சுத்தி நுனியை உள்ள சொருகிருவான். ஏணிக்குக் கீழ நின்னு பாத்துக்கறது என்ற வேலை. உள்ள டொக்கு டொக்குன்னு செதுக்கற சத்தம். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் நிம்மதி.

என்ற துண்டைத் தொவைச்சு சைக்கிள்ல காயப்போட்டிருந்தேன். அதுதான் மொதத் தப்பு. துண்டில்லாம பாய்லர் முன்னால நிக்கலாமுங்களா? வேர்வை கண்ணுக்குள்ள போயி எரியுது.

செல்லு அடிச்சுது. என்ற புள்ளை தாரணி. இஞ்சினியரிங் கவுன்சிலிங், அன்னைக்குச் சாயந்தரத்தோட கடைசி. "அப்பா, எந்தக் காலேஜை மொதல்ல போடறது?" எனக்கென்னங்க தெரியும்? பஸ் ஸ்டாப்புக்குக் கிட்ட இருக்கறதைப் போடுன்னேன். அதுக்குக் கோவம். அதை வெச்சா அக்கா வீட்டுல இருந்து போன். பத்திரிகையில தாய்மாமன் வரிசைல என்ற பேரு மூணாவதா வந்திருச்சாம், நான் வருத்தப்படக் கூடாதாம். அவ சொல்ற வரைக்கும் எனக்கு வருத்தமில்ல. சொன்ன பொறவு வந்திருச்சு. மூணாவதா? ரெண்டாவதா யாரைப் போட்டிருக்கறாங்க?

அதை யோசிச்சுட்டு நிக்கறப்பத்தான் திடீர்னு இன்னொண்ணு. காலைல தண்ணி ஏத்துனனே, மோட்டாரை அணைச்சனா? அணைச்ச மாதிரியும் இருக்குது, அணைக்காத மாதிரியும் இருக்குது. காலைல இருந்து ஓடுனா காயில் எரிஞ்சு போயிருமே. பொண்டாட்டிக்குப் போன் பண்ணுனா எடுக்கல. மறுக்காப் பண்ணுனேன், எடுக்கல.

பாத்துக்குங்க. மூணு கிலோமீட்டர் அக்கட்ட இருக்கற மோட்டாருக்கு வெசனப்பட்டுட்டு நிக்கறேன். அந்த நேரத்துலதான் இந்தக் கையி, இதா இந்த வலது கையி, பக்கத்துல தொங்குன துண்டை உருவி, மூஞ்சியைத் தொடச்சு, தோள்ல போட்டுருச்சு.

நான் எடுக்கலீங்க. கையி எடுத்துருச்சு. எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க வண்டி ஓட்டறீங்களே, கீரு மாத்துனதெல்லாம் நெனப்பு இருக்குதுங்களா? இருக்காது. இல்லீங்களா? அதேதான்.

சித்த நேரத்துல பட்டறைல இருந்து இன்டர்காம். அங்க புதுசா வந்த சூப்பர்வைசரு, எப்பப் பேசுனாலும் ரெண்டே வார்த்தைதான். "ஸ்டீமு பத்தல! ஸ்டீமு பத்தல!" அப்படிக் கேட்டா என்ன செய்யோணும்? ரெண்டாம் நம்பரைத் தொறக்கோணும். பத்தொம்பது வருசமா, ஒரு நாளைக்கு நாலு தடவ செஞ்சுட்டிருக்கற வேலை. "தொறக்கறனுங்க"ன்னு சொன்னேன். நடந்தேன். வீலுக்கு முன்னால நின்னேன்.

பாத்தேன் தம்பி. பாக்காம செய்யலீங்க. வீலை நல்லாப் பாத்தேன். துண்டு இல்ல. துண்டு இல்லீனா ஆளு இல்ல. கண்ணு சரியாத்தான் சொல்லுச்சு.

ரெண்டு கையும் வெச்சுத் திருப்புனேன். மூணு நாளா மூடிக் கெடந்த வீலு, எறுகியிருந்துச்சு. குனிஞ்சு, தம் கட்டி இழுத்தேன். கால் சுத்து சுத்துச்சு. இன்னொருக்கா தம் கட்டறதுக்குக் குனிஞ்சேன் பாருங்க, தோள்ல கெடந்த துண்டு வழுக்கி, முன்னால விழுந்து, நேரா அந்த வீலு மேல போயிக் கெடந்துச்சு.

எங்க இருக்கோணுமோ அங்க.

செவப்புக் கட்டம்.

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் வெளங்கல. யாரு துண்டு இது? எப்ப வந்துச்சு? அப்புறம் தைல வாசம் வந்துச்சு. ரங்கராசு நெத்தியில தேய்ப்பான், கோடாலித் தைலம். அது என்ற மூஞ்சியில இருந்து வருது. என்ற மூஞ்சியில இருந்துங்க.

மூடிட்டேன். எப்படி மூடுனேன்னு கேக்காதீங்க.

மூடுன பொறவுதான் தெரிஞ்சுது. சத்தம் கேக்கல. டொக்கு டொக்குன்னு கேட்டுட்டிருந்ததே, அது நின்னு போச்சு.

ஏணி அஞ்சடி தூரத்துல இருக்குதுங்க. என்னால போக முடியல. கூப்புடலாம்னா வாயி வரல. கால் சுத்துக்கு ஆவி வராது, வால்வுல அந்தளவுக்கு வெறும் ஆட்டம் இருக்கும், எனக்குத் தெரியும், பரிச்சையில எழுதியிருக்கறேன். எழுதுனதெல்லாம் அந்த நேரத்துக்கு எங்க வருது? அவன் சின்னப்புள்ளை ஒண்ணாவது படிக்குது. போன வாரம் அப்பனுக்குச் சோத்து டப்பா கொண்டாந்தப்ப, எனக்கு ஒரு முறுக்கு குடுத்துச்சு. அந்த முறுக்கு மட்டுந்தான் நெனப்புக்கு வருது. முறுக்கைத் தின்னமே, தின்னமே, தின்னமேன்னு.

எத்தன நேரம்னு தெரியல. பத்து மூச்சு இருக்கலாம். இல்ல, நான் மூச்சே விடல.

"மாமோவ்! தண்ணி!"

அவன் கொரலுதான். எனக்கு அழுகை வந்துருச்சு. ஆனா பாருங்க, மொதல்ல நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? ஏணிக்கு ஓடல. அவன் தலை வெளிய தெரியறதுக்குள்ள துண்டை வீலுல கட்டுனேன். கழண்டு விழுந்துட்டா வம்புன்னு முடிச்சுப் போட்டேன். ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு. அதுவும் பத்தாதுன்னு மூணு. என்ற கல்யாணத்துல தாலி கட்டுனப்பக் கோட அத்தன கெட்டியா நான் முடிச்சுப் போடல.

மேல இருந்தே செம்பை வாங்கிக் குடிச்சான். "உள்ள திடீர்னு வெதுவெதுன்னு ஆன மாதிரி இருந்துச்சு மாமா. வெயில் ஏறிருச்சா?"

"ஏறிருச்சுடா"ன்னேன்.

மறுக்கா எறங்கிட்டான். சொல்லலீங்க. நான் சொல்லல. அவன் எறங்கறதைப் பாத்துட்டே நின்னேன், சொல்லல.

அதுக்குள்ள வீட்டுல இருந்து போன். மோட்டாரு அப்பவே அணைச்சாச்சாம். நாந்தான் அணைச்சனாம்.

வேலை முடிஞ்சு வெளிய வந்து துண்டை அவுக்கப் போனான். அவுரல. நெகத்தை வெச்சு நோண்டி நோண்டி, நெம்ப நேரம் நின்னு அவுத்தான். "கெட்டியாத்தான் கட்டியிருக்குது"ன்னான். நான் கண்ணாடியில தண்ணி பாத்துட்டு நின்னேன். அப்புறம் துண்டைக் கையில புடிச்சுப் பாத்து, "ஈரமா இருக்குதே மாமா"ன்னான். "இந்த வெக்கைக்குத் துண்டுக்கே வேர்க்குதுடா"ன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சேன். அவன் அதை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான். நல்லவேளை, அவன் எதையும் உத்துப் பாக்கற ஆளில்ல. அப்பாவி.

அதுக்குப் பொறவு நான் துண்டு போடறதில்லீங்க. அதான் சட்டைக் கையில தொடைக்கறேன். நீங்க அப்பவே பாத்தீங்க, கேக்கல.

வீட்டுல மோட்டாரு சுவிச்சைப் போயிப் போயித் தொட்டுப் பாக்கறேன். இங்க என்ன செஞ்சாலும் வாயி விட்டுச் சொல்லிச் செய்யறேன். உங்க மேடம் சொன்னதுல அது ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிச்சு. பேரு சொல்லோணுமாம். "கையி வீலு மேல. வீலு மூடியிருக்குது. ரங்கராசு உள்ள." இப்படி. வெறகு எறக்கற பொம்பளைங்க சிரிக்கறாங்க. பொண்டாட்டி கோயில்ல மந்திரிச்சுக் கவுறு கட்டி விட்டிருக்கறா, இதா. மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குதுன்னு எல்லாரும் சங்கடப்படறாங்க. என்றது நிக்குது தம்பி. நின்ன எடத்தை விட்டு நகர மாட்டீங்குது. குப்பை இருந்த வரைக்கும் அது அடியில மறைஞ்சு கெடந்துச்சு. உங்க மேடம் கூட்டச் சொன்னாங்க, நான் கூட்டிப்போட்டேன்.

அவனா? அவன் எப்பவும் போலத்தான். ஆனா ஒண்ணு, அவனும் இப்பத் துண்டு கட்டறதில்ல. ஆமாங்க. அவன் பெரிய புள்ளையோட சைக்கிள் பூட்டு, ரோசாக் கலர்ல சங்கிலி மாதிரி வருமே, அதைக் கொண்டாந்து வீலுல சுத்திப் பூட்டிட்டு, சாவியை இடுப்பு அரணாக்கவுத்துல கட்டிட்டு எறங்கறான். அந்த வாரம் ஒருக்கா சின்ன வேலைக்கு எறங்குனான், அப்பவே ஆரம்பிச்சுட்டான். கேட்டதுக்கு, "துண்டு புதுசு மாமா, கரி ஆயிரும்"ங்கறான். ரெண்டு வருசத்துத் துண்டு, எனக்குத் தெரியாதா? சேப்டி ஆபீசர்கிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்கறான்னு நெனைக்கறேன். வாங்கட்டும்.

இன்னொண்ணு. சிப்டுக்கு வேற ஆளு நிக்கறேன்னா விட மாட்டீங்கறான். "மாமா கீழ நின்னாத்தான் எறங்குவேன்"ங்கறான். மேனேஜர்கிட்டயே சொல்லிட்டான். அதுதானுங்க எனக்கு உசுரு போகுது. அவனுக்குத் தெரியாது. தெரியாம நம்பறான். தெரியாதவன் நம்பறானே, அதை என்ன பண்றது?

என்ன அப்படிப் பாக்கறீங்க? தெரிஞ்சிருக்குமா?

இல்லீங்க தம்பி. தெரியாது. தெரிஞ்சா சும்மா இருப்பானா? எந்த மனுசன் சும்மா இருப்பான்? என்ற சட்டையைப் புடிச்சிருக்க மாட்டானா? நானா இருந்தா புடிச்சிருப்பேன்.

அந்த நாளுக்கப்புறம் ரெண்டாம் நம்பரை முழுசாத் தொறந்து செதுக்கறது இன்னைக்குத்தான் மொதத் தடவ. அதே வேலை, அதே எடம், அதே மூணு மணி நேரம். காலைல இருந்து இதைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன். சொல்லிரோணும். அது முடிவாயிருச்சு. ஆனா எப்பச் சொல்றது? எறங்கறதுக்கு முந்தியா, ஏறுன பொறவா? முந்திச் சொன்னா, பயந்துட்டு எறங்குவான், உள்ள பயந்தவன் படுத்திருக்கக் கூடாது. இல்லாட்டி வேற ஆளை நிறுத்துன்னு சொல்லிருவான். பொறவு சொன்னா, இன்னைக்கும் அவனைத் தெரியாமத்தான் எறக்கியிருக்கறேன்னு ஆகுது. நீங்க ஊரெல்லாம் வண்டி ஓட்டறவரு, நாலு மனுசனைப் பாக்கறவரு. நீங்களா இருந்தா எப்பச் சொல்லுவீங்க? நெசமாக் கேக்கறேன். மேடத்துகிட்டக் கேட்டா மூச்சைப் பாருங்கம்பாங்க.

சொல்லுங்க.

அந்தா, கூப்புடறான். ஆமா, அவன்தான், ஏணி மேல நிக்கறான் பாருங்க.

"மாமோவ்! ஆறிருச்சு! பூட்டிட்டேன், சாவி என்றகிட்ட இருக்குது. நீங்க வந்து நின்னுக்குங்க!"

வர்றன்டா!

"துண்டை ஏணிக் கம்பியில போட்டிருக்கறேன், மாமா. மூஞ்சி கீஞ்சி தொடைக்கறதுன்னா எடுத்துத் தொடச்சுக்குங்க!"

என்னங்க சொன்னான் அவன்?

துண்டையா? மூஞ்சி தொடைக்கறதுக்கா?

கையக் கொஞ்சம் குடுங்க தம்பி, எந்திரிச்சுக்கறேன். விடுங்க, போயிருவேன். அந்தக் கண்ணாடியில தண்ணி பாதிக்கு மேல நிக்குதுங்களா? நிக்குது. சரி.

டேய் ரங்கராசு! எறங்காத! எறங்காத சாமி, அங்கயே நில்லு. நான் வந்து ஒண்ணு சொல்லிப்போடறேன், பொறவு எறங்கு.